கிளிக்குக் கட்டினது

குலசிங்கத்தின் மனைவி செத்ததற்குச் சிவகுரு துக்கம் விசாரித்து முடித்தான். இரண்டு வசனம் போதுமாயிருந்தது.

பிறகு கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, "உம்மட சில்லு எங்க?" என்றான்.

குலசிங்கம் தேத்தண்ணியை அவன் பக்கம் தள்ளினான். சீனி போட மறந்திருந்தான்.

வீட்டுக்குப் பின்னால், கிணற்றடியில், காற்றில் ஏதோ இரைந்துகொண்டிருந்தது.

முன்பு வேலைபார்த்த கொழும்புக் கந்தோரின் கொம்பியூட்டர் அறையில் இருவரும் இரண்டு கட்சி. கணக்கெல்லாம் பெரிய மெசினில், காந்த நாடாவில் இருக்கவேண்டும் என்றவன் குலசிங்கம். மேசைக்கு மேசை சின்ன மெசின் வைத்துப் பிளொப்பித் தட்டில் பதியவேண்டும் என்றவன் சிவகுரு. நாடாச் சுருளைச் சிவகுரு வண்டிச் சில்லு என்பான். தட்டைக் குலசிங்கம் அப்பளம் என்பான். டிரெக்டர்மாரும் சில்லு, அப்பளம் என்று பிரிந்து, ஒரே லிப்டில் ஏறாமல் திரிந்தார்கள்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் அந்த அறை எரிந்தது. சில்லும் எரிந்தது, அப்பளமும் எரிந்தது.

மிஞ்சியது, நெருப்புக்குப் பயந்து குலசிங்கம் எப்போதும் தன் வீட்டில் வைத்திருக்கும் நகல் நாடா ஒன்றுதான். அகதிக் கப்பலில் மற்றவர்கள் அகப்பட்ட உடுப்போடு ஏற, அவன் மனைவி மனோகரியோடும் அந்தச் சுருளோடும் ஏறி, யாழ்ப்பாணத்துக்கு அருகே சரவணைக் கிராமத்துக்கு வந்து சேர்ந்தான்.

"இப்ப சில்லையும் அப்பளத்தையும் சேர்த்து விழுங்கப் பம்பாய்க்காரர் வந்திட்டினம், குலம்," என்றான் சிவகுரு. "பழைய கணக்கு ஆரிட்ட இருக்கோ, அவன்ர கையிலதான் இனிக் கந்தோர். நாங்கள் அடிபட்டது காணும். அதைத் தாரும். சிங்கப்பூர்க் கிளை உமக்கு. இந்தப் பனைவெளிக்குள்ள தனிய இருந்து என்ன செய்யப்போறீர்?"

குலசிங்கம் முற்றத்தைப் பார்த்தான். இந்த வீடு இல்லாத எந்த ஊரென்றாலும் அவனுக்குச் சம்மதந்தான். சிங்கப்பூர் என்ற சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான்.

"கெட்டுப்போச்சுதோ?" சிவகுரு குரலைத் தணித்தான். "கெட்டாலும் காரியமில்லை. உம்மில பிழையில்லை எண்டு காட்டினால் எடுப்பாங்கள். மனிசி தெரியாமல் பழுதாக்கிப்போட்டா எண்டு சொல்லும். செத்த ஆளை ஆர் விசாரணைக்குக் கூப்பிடப்போறாங்கள்?"

காற்று ஒருமுறை விழுந்து, திரும்ப எழும்பியது.

"கப்பலில வரேக்க நான்தான் கடலில போட்டனான்," என்றான் குலசிங்கம். "பாரமாயிருந்தது."

சிவகுரு கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பினான்.

"உமக்கென்ன விசரோ? இதை அங்க போய்ச் சொன்னால், பிறகு ஒரு கந்தோரிலயும் உமக்குக் கதிரை இல்லை."

"ஓம்."

படலையடியில் சிவகுரு நின்று காதைக் கொடுத்தான்.

"என்ன அது, இரையுது?"

"கிளிக்குக் கட்டினது."

"குரக்கன் பயிரைத் தின்னாமலோ?"

"ஓம்."

சிவகுரு ஏறிய பஸ் போன பிறகு குலசிங்கம் கிணற்றடிக்குப் போனான்.

இந்தப் போகம் அங்கே அவன் ஒன்றும் விதைக்கவில்லை.

வெறும் பாத்திக்கு மேலே, பனை வடலிக்கு வடலி இழுத்துக் கட்டிய காந்த நாடா, உப்புக்காற்றில் வெளிறி, வெயிலில் நடுங்கிக்கொண்டிருந்தது.

போன போகம், கதிர் முற்றிய நேரம், யாழ்ப்பாணம் போய்த் திரும்பியவனை மனோகரி இந்த இடத்தில்தான் மறித்தாள். கையில் நாடா உருவிய வெறுஞ் சில்லு. முகம் முழுக்கச் சிரிப்பு. இந்த நாடாவில் பாட்டு ஏதும் இருக்கிறதா என்று முன்பொருநாள் கேட்டிருந்தாள். இல்லை என்று சொல்லியிருந்தான்.

"பாட்டொண்டும் இல்லை எண்டியள்," என்றாள். "இஞ்ச வந்து கேளுங்கோ."