கடைசி இரண்டு வரி

பாடகர் பூங்கொத்தை நீட்டி, "உங்க குரலுக்கு நான் பரம ரசிகன்மா" என்றார். ஒப்பனை நாற்காலியில் இருந்த இசை நாடக நாயகி எழுந்து வாங்கிக்கொண்டார். இன்னும் அரை மணியில் இருவரும் சேர்ந்து பாடும் பாட்டு டிவியில் நேரடியாகப் போகப்போகிறது.

ரசிகராவது, மண்ணாவது. ஆறு வருஷமாக அந்த அம்மாள் பெயரைக் கேட்டாலே பாடகருக்கு வயிறு எரியும். "நான் மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்கப் பாடுவேன், மைக்கை எடுத்துட்டா அவர் குரல் மூணாவது வரிசையைத் தாண்டாது" என்று அந்த அம்மாள் ஒரு பேட்டியில் சொல்லிவிட்டார். அதற்கு முந்தைய வாரம் அந்த அம்மாளின் பாட்டைச் சந்தை இரைச்சல் என்று இவர் சொன்னது மட்டும் இவருக்குச் சௌகரியமாக மறந்துபோனது.

பூங்கொத்தைக் கொடுத்த கையோடு நேரே ஒலி அறைக்குப் போனார். அங்கே பொறுப்பில் இருந்தது மனைவியின் தம்பி. அந்த வேலையை வாங்கிக்கொடுத்தவர் என்பதால், நாலு பேர் எதிரில் அவனை "டேய் ஒயரு" என்று கூப்பிட இவருக்கு உரிமை இருப்பதாக நினைப்பு.

"கடைசி ரெண்டு வரிக்கு வாத்தியம் கிடையாது, வெறும் குரல்தான். அந்த இடத்துல அவ மைக்கை நிறுத்திடு. ஊமை மாதிரி வாயைத் திறந்து மூடட்டும், ஊரே பார்க்கட்டும்."

ஒயரு தலையாட்டினான்.

பாட்டு தொடங்கியது. பாடகர் இரண்டு காதிலும் கருவியைச் செருகியிருந்தார். ஒலி அறையிலிருந்து அனுப்புவதுதான் கேட்கும், வெளிச்சத்தம் உள்ளே வராது. கடைசி வரிகளுக்குச் சற்று முன்னால் நாயகி தன் காதுக் கருவியைப் பிடுங்கித் தோளில் தொங்கவிட்டு, மேடை விளிம்புக்கு வந்து நின்றார். பதற்றத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை போலும் என்று பாடகர் நினைத்துக்கொண்டார்.

வாத்தியம் நின்றது. பாடகரின் காதில் அவருடைய சொந்தக் குரல் மட்டும் தேனாக இறங்கியது. பக்கத்தில் அந்த அம்மாள், சத்தத்தை நிறுத்திவிட்ட டிவி மாதிரி, கழுத்து நரம்பு புடைக்க வாயைத் திறந்திருந்தார். பாடகருக்கு ஆறு வருஷத்து எரிச்சல் அடங்கியது.

முன்வரிசை எழுந்தது, பிறகு அரங்கமே எழுந்தது. கேமராக்காரர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாடகர் மூன்று முறை கும்பிட்டார்.

விளம்பரம் போட்டதும் ஓட்டமும் நடையுமாக ஒலி அறைக்கு வந்து மைத்துனனைக் கட்டிக்கொண்டார். வேலை வாங்கிக்கொடுத்த நாளிலிருந்து முதல்முறையாக 'டேய்' வரவில்லை.

"காரியத்தைக் கச்சிதமா முடிச்சிட்டேப்பா. என் ஒருத்தன் குரலுக்கு அத்தனை பேரும் எழுந்து நின்னாங்க பாத்தியா?"

ஒயரு மெல்ல அவர் கையை விலக்கினான்.

"அவங்களும் வந்து கேட்டாங்க அத்தான், அதே இடத்துல உங்க மைக்கை நிறுத்தச் சொல்லி. ரெண்டையும் நிறுத்திட்டேன்."

பாடகர் தோளில் தொங்கிய காதுக் கருவியை எடுத்துப் பார்த்தார்.

"உங்க குரலை உங்க காதுக்கு மட்டும்தான் விட்டேன்."