ழெ சுயி ப்ளேன்

"வேணும்னேதான் செஞ்சிருக்கே நீ, பந்தியில அத்தன பேரும் இருக்கும்போ—"

"ஆமா, வேணும்னேதான். இப்ப அதுக்கு என்ன?"

"—எங்கம்மை பாயசம் விளம்பிட்டு நிக்கும்போ, அந்தப் பிள்ளைய இப்படி—"

"என்னைய அனுப்பும்போ மட்டும் விளையாட்டுண்ணு சொன்னியளே அத்தான்?"

மாட்டுத்தொழுவத்தின் பின்னால் நின்று பத்மகுமாரும் சிவப்ரியாவும் அடிக்குரலில் கடித்துக்கொண்டிருந்தார்கள். தாழக்குடியில் அத்தை வீட்டின் முன்கூடத்தில் பந்தி இன்னும் முடியவில்லை. சிரிப்புச் சத்தம் தொழுவம் வரைக்கும் வந்தது.

சிவப்ரியாவுக்கு அந்தச் சிரிப்பு பழக்கம்தான்.

போன வருஷம் அவள் பிரான்சில் இருக்கும் லியோனுக்கு எக்ஸ்சேஞ்ச் மாணவியாகப் போகும் முன், ஒரு மாதம் போனிலேயே பிரெஞ்சு சொல்லிக் கொடுத்தவன் இந்த அத்தை மகன் பத்மகுமார். அந்த நாட்டில் நாலு வருஷமாக வேலையில் இருப்பவன். போதும், வயிறு நிறைஞ்சுட்டு என்று எப்படிச் சொல்ல என்று கேட்டாள்.

"ழெ சுயி ப்ளேன்" என்றான்.

நோட்டில் எழுதிவைத்து, நாகர்கோவில் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் சொல்லிச் சொல்லிப் பழகினாள்.

போய் இறங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை பேராசிரியர் வீட்டில் விருந்து. மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர். இன்னொரு துண்டு கேக்கை நீட்டிய அம்மாளிடம், வயிற்றில் கை வைத்து, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

பேராசிரியர் மகனுக்குக் குடித்துக்கொண்டிருந்தது மூக்கு வழியாக வந்தது.

அந்த ஊரில் அது மாட்டுக்குச் சொல்லும் சொல். நான் சினையாக இருக்கிறேன்.

அன்று முதல், விடுதி அடுக்களைக்குள் அவள் கால் வைத்தாலே யாராவது ஒருத்தர் "மெ..." என்பார்கள். பிரெஞ்சு மாடு அப்படித்தான் கத்துமாம். அழுதுகொண்டே பத்மகுமாருக்குப் போன் செய்தாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அதோடு விட்டானா? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். ஊரிலிருந்து ஆளாளுக்குக் கன்றுக்குட்டிப் படம் அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகுதான் அவள் உட்கார்ந்து படித்தாள். ஆசையில் இல்லை, வஞ்சத்தில். ட்ராமிலும் ரொட்டிக்கடை வரிசையிலும் காதில் விழுந்ததை எல்லாம் வாய்க்குள் போட்டு மென்றாள். ஒவ்வொரு வினைச்சொல்லையும் அவன் கழுத்தாக நினைத்துத் திருகினாள். எட்டாம் மாதம், 'மெ' என்ற ஒருத்தனுக்கு அவள் திருப்பிச் சொன்ன பதிலில் அந்த அடுக்களையே ஒரு வாரம் வாயடைத்துக் கிடந்தது.

மிச்சம் இருந்தது இவன் ஒருத்தன்.

பத்து நாளுக்கு முன் லீவில் வந்தவன் கிளேரையும் கூட்டி வந்திருந்தான். கூட வேலை பார்க்கிற பிள்ளை, ஊர் பார்க்க வந்திருக்கிறது என்று அம்மையிடம் சொல்லியிருந்தான். அம்மை அழகியநாயகியும் அந்தப் பிள்ளைக்குத் தலை வாரிப் பிச்சிப்பூ வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை சுசீந்திரத்துக்கு மகனுக்குப் பெண் பார்க்கப் போகிற வண்டியில் அவளுக்கும் ஒரு இடம் ஒதுக்கிவைத்தாள்.

இன்று காலை இதே தொழுவத்தில் வைத்து கிளேர் சிவப்ரியாவிடம் ஒரு தமிழ் வாக்கியம் கேட்டாள். நான் கேட்டது பத்மகுமாருக்குத் தெரிய வேண்டாம், அவன் அம்மாவிடம் நானே என் வாயால் சொல்ல வேண்டும் என்றாள்.

சிவப்ரியா எதிரே கட்டியிருந்த செவலைப் பசுவைப் பார்த்தாள். அதற்கு ஏழு மாதம் நடக்கிறது. சொல் தானாக வந்தது.

மத்தியானம் அத்தை பாயச வாளியோடு வந்தபோது, கிளேர் இலையை விட்டு நிமிர்ந்து, வயிற்றில் கை வைத்தாள்.

"அம்மா, நான் சினையா இருக்கேன்."

"கண்ணுக்குட்டி எப்பம் மக்கா?" என்றார் பத்மகுமாரின் பெரியப்பா ஆறுமுகப்பெருமாள்.

பந்தி சரிந்து சரிந்து சிரித்தது. வயிறு நிறைஞ்சதத்தான் பாவம் அப்படிச் சொல்லுகா என்று ஒருத்தருக்கொருத்தர் விளக்கிக்கொண்டார்கள். கிளேர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் தானும் சிரித்தாள். அவளுக்குக் கண் நிறைந்திருந்தது.

பத்மகுமார் பாதிச் சோற்றில் எழுந்து, எச்சில் கையோடு இங்கே வந்து நிற்கிறான்.

"சரி ஏட்டி, பழி வாங்கியாச்சுல்லா? இப்ப உள்ள போயி எங்கம்மைகிட்ட சொல்லு. அந்தப் பிள்ளைக்கு வயிறு நிறைஞ்சுட்டுண்ணு சொல்லத் தெரியல்ல, நாந்தான் மாத்திச் சொல்லிக் குடுத்தேன்னு சொல்லு."

"அதத்தான் எல்லாரும் சொல்லிச் சிரிக்காவளே. பின்ன நான் எதுக்கு?"

"எங்கம்மை சிரிக்கல்ல." அவன் குரல் கீழே இறங்கிவிட்டது. "வாளியக் கீழ வச்சுட்டா. அவ மொகத்தையே பாத்துட்டு நிக்கா. ஒரு வார்த்த, பிரியா. ஒரே ஒரு வார்த்த போயி சொல்லு."

ஒரு வருஷமாக அவள் காத்திருந்தது இந்தக் குரலுக்குத்தான். அவசரப்படாமல் அதைக் கேட்டு முடித்தாள். செவலை வைக்கோலை விட்டுத் தலையைத் தூக்கியது.

"கிளேர் எங்கிட்ட கேட்டது வயிறு நிறைஞ்சதுக்கு உள்ள சொல்லு இல்ல அத்தான். அவ கேட்ட விசயத்தத்தான் சொல்லிக் குடுத்தேன், சொல்லு மட்டும் மாட்டுக்கு உள்ளது. மனுசிக்கு உள்ளத நீங்களே போயி அத்தைகிட்ட சொல்லுங்க."