மிருதுளா வந்தாச்சு

இணையக் கம்பெனி ஆள் பழைய ரவுட்டரைச் சுவரிலிருந்து கழற்றியதும் வத்சலா அதைக் கையில் வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் நடையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துப் பெயர் சொல்லும் பெட்டி அது.

மகள் மிருதுளாவுக்கு இடது கால் கொஞ்சம் இழுக்கும். அவள் இறந்த பிறகு, சாயங்காலமானால் வத்சலா தன் இடது காலை இழுத்து இழுத்து வாசலிலிருந்து நடந்து வருவாள். “மிருதுளா வந்தாச்சு” என்று பெட்டி சொல்லும். அதைக் கேட்ட பிறகுதான் அடுப்பில் பால் வைப்பாள்.

“பழசுல இருந்த பேரெல்லாம் இதுல ஏத்திட்டேம்மா. இது ரொம்ப சூட்டிகை. ஒருவாட்டி நடந்து பாருங்க” என்றார் அவர், புதுப் பெட்டியை மாட்டிவிட்டு.

வத்சலா வாசலுக்குப் போய், காலை இழுத்தபடி உள்ளே வந்தாள்.

புதுப் பெட்டி கொஞ்சமும் தயங்கவில்லை.

“வத்சலாம்மா, கால்ல என்ன ஆச்சு? டாக்டரக் கூப்பிடட்டுமா?”