கட் சொல்லியும் நிற்காத கார்

“கட்! கட்டுன்னு சொல்றேன்ல!”

இயக்குநர் கத்தின கத்துக்கு மேய்ந்துகொண்டிருந்த குதிரைகூட நிமிர்ந்து பார்த்தது. கார் மட்டும் நிற்கவில்லை.

படம் பேய்ப்படம். கல்யாணம் பண்ணுவதற்காக ஒரு பெண்ணைத் தெருவில் வைத்துத் தூக்குகிறார்கள். வீட்டில் கொண்டுவந்து இறக்கினபிறகுதான் அது பெண்ணே இல்லை, பேய் என்று தெரிகிறது. அந்தப் பெண்ணாக நடிக்கும் நூர்ஜாத்தை இழுத்துக் காரில் போட்டு, பூபுஷ் அம்மா வீட்டு வாசலில் நிறுத்தணும். இன்றைய காட்சி அவ்வளவுதான். ஓட்டுவது உள்ளூர்க்காரன் ஜோல்ச்சு. கூட ஏறுவது பூபுஷ் அம்மாவின் மகன் மெதெத்.

நூர்ஜாத் உள்ளே விழுந்தாள். மெதெத் ஏறுவதற்குள் ஜோல்ச்சு வண்டியைக் கிளப்பிவிட்டான். மெதெத் புழுதியில் குப்புற விழுந்தான். கார் வீட்டைத் தாண்டி, நெடுஞ்சாலைப் பக்கம் போய் மறைந்தே விட்டது.

ஒப்பனைப் பெட்டியோடு நின்ற சாய்க்கல் காரின் பின்னால் நாலடி ஓடி நின்றாள். போன வருஷம்தான் பள்ளிக்கூடம் முடித்தவள். கூடப் படித்தவர்களில் இரண்டு பேரை இப்படித்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். அது படம் இல்லை. நூர்ஜாத்தை இந்த ஊருக்கு நடிக்கக் கூட்டிவந்ததே சாய்க்கல்தான்.

“குதிரை திருடி ஜெயிலுக்குப் போனவன் வேண்டாம்னு அப்பவே சொன்னேன்,” என்றாள் சாய்க்கல்.

“மூஞ்சி பொருத்தமா இருந்துச்சேம்மா,” என்றார் இயக்குநர்.

“ரொம்பப் பொருத்தம். இப்ப அனுபவிங்க.”

பூபுஷ் அம்மா தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். வாடகை வாங்காமல் வீட்டைக் கொடுத்து, மூன்று நாளாக எல்லாருக்கும் சோறும் போடுகிற மனுஷி.

“அடப்பாவி! ஊரான் பெத்த பொண்ணைத் தூக்கிட்டுப் போறானே! இவன் விளங்குவானா?”

“போலீசுக்குச் சொல்லிடலாம்மா,” என்றார் இயக்குநர்.

“போலீஸ் எதுக்குப்பா? பொண்ணு பேரு கெட்டுடும். என் மகனே தேடிக் கூட்டிட்டு வந்துடுவான்.”

“கையில சிக்கட்டும், காலை ஒடிக்கிறேன்!” மெதெத் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே வண்டி தேடி ஓடினான்.

அரை மணி நேரம் கழித்து சாய்க்கலின் போன் அடித்தது.

“நான்தான்டி, நூர்ஜாத். மினிபஸ்ல பிஷ்கெக் போயிட்டிருக்கேன்.”

“அவன் உன்னை என்ன பண்ணான்?”

“பஸ் ஏத்திவிட்டார். அவரை அவன் இவன்னு சொல்லாத.”

“பைத்தியமா உனக்கு? இங்க காட்சி பாதியில நிக்குது!”

“காலையில பக்கத்து ஊர்ல இருந்து ஒருத்தரைக் கூட்டிட்டு வரச் சொல்லி பூபுஷ் அம்மா ஜோல்ச்சு அண்ணனை அனுப்பிச்சுச்சாம். ஷாட்டுக்கு முன்னாடி, நம்ம கதையில அப்படி ஒரு ஆளு உண்டான்னு என்கிட்ட கேட்டார். இல்லைன்னேன். அப்ப நிக்காம ஓட்டுறேன்னு சொல்லிட்டு ஓட்டினார்.”

“இதை முன்னாடியே எங்ககிட்ட சொல்றதுக்கென்ன?”

“ஜெயிலுக்குப் போனவன் பேச்சை நீ நம்பியிருப்பியாடி?”

சாய்க்கல் ஒப்பனைப் பெட்டியைக் கீழே வைத்தாள்.

“போய் உள் ரூம்ல பாரு. பாத்துட்டு நீயும் கிளம்பி வந்துடு.”

சாய்க்கல் யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குள் போனாள். படப்பிடிப்புக்கு வேண்டாம் என்று பூட்டியே வைத்திருந்த அறை இப்போது திறந்திருந்தது. நாற்பது பேர் உட்காரும்படி விரிப்பு. ரொட்டியும், போர்சோக் என்னும் பொரித்த மாவுத்துண்டுகளும் மலையாய்க் குவிந்திருந்தன. விளக்கு இல்லை, கேமரா இல்லை. நிக்கா ஓதி வைக்கும் மோல்டோ ஒருவர் மட்டும் ஓரமாக உட்கார்ந்து கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவர் எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“மெதெத்துக்குத் தூக்கிட்டு வர்ற பொண்ணு வந்தாச்சாம்மா? சீக்கிரம் ஆகட்டும். மூணு மணிக்கு எனக்கு இன்னொரு வீட்ல இருக்கு.”