தொப்பியில் ஒரு வெள்ளை இறகு

“இறகு சாயுது பாரு. நேரா வச்சுக்கோ,” என்றாள் வினிஃப்ரெட், அருங்காட்சியகத்தின் படியேறிக்கொண்டே.

ஹெட்டி தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். கிறிஸ்துமஸ் தவறாமல் வினிஃப்ரெட் அவளுக்கு ஒரு தொப்பி வாங்கித் தருவாள். எந்தக் கடையில் தேடிப் பிடிப்பாளோ, அதில் ஒரு வெள்ளை இறகு இருக்கும். முப்பத்தெட்டு வருடத் தோழி ஆசையாகத் தருவதைப் போடாமல் இருக்க முடியுமா?

“ஊருக்குள் நடந்த போர்” என்று பெயர் வைத்து, எங்கள் ஊர் நூலகத்தின் மாடியில் அந்த அருங்காட்சியகத்தை அன்றுதான் திறந்திருந்தார்கள். பங்கீட்டு அட்டை, இருட்டடிப்புத் திரை, நச்சுவாயு முகமூடி என்று இரண்டு உலகப் போர்களிலும் வீட்டில் இருந்தவர்கள் பட்ட பாடெல்லாம் கண்ணாடிக்குள் இருந்தது. ஆனால் கூட்டம் என்னவோ கடைசிப் பெட்டிக்குத்தான்.

அது வினிஃப்ரெட் கொடுத்தது. பழுத்துப்போன ஒரு வாத்து இறகு. பக்கத்தில், அவள் தம்பி ஆல்பர்ட் போர்முனையிலிருந்து எழுதிய கடைசிக் கடிதத்தின் முதல் பக்கம்.

முதல் போரின்போது, ராணுவ உடுப்பில்லாமல் திரியும் ஆணைக் கண்டால் “கோழை” என்று சொல்லாமல் சொல்லி வெள்ளை இறகு நீட்டுவது இளம்பெண்களுக்கு ஒரு தேசபக்தி. டிராம் நிறுத்தத்தில் ஒருத்தி ஆல்பர்ட்டுக்கு நீட்டினாள். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். மறுநாளே அவன் வயதைக் கூட்டிச் சொல்லிப் பட்டாளத்தில் சேர்ந்தான். ஒன்பது மாதத்தில் செத்தான். ஆள்தான் பனைமரம், வயது பதினாறு.

நீட்டியவள் ஹெட்டி. அப்போது ரொட்டிக் கடையில் வேலை பார்த்தாள், வயது பதினெட்டு.

செய்தித்தாளில் அவன் படத்தையும் வயதையும் பார்த்த பிறகு அவளுக்குத் தூக்கம் போயிற்று. ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனாள். உண்மையைச் சொல்லத்தான் போனாள், வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக வாசற்படியைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அதே வேலைதான். படி, கரி வாளி, துணி மூட்டை. முடிந்தபின் வினிஃப்ரெட் கையால் ஒரு கோப்பை தேநீர்.

நடுவில் டிராம் கண்டக்டர் ஸ்டான்லி ஹெட்டிக்கு மோதிரம் போட்டான். “நீயும் போயிட்டா எனக்குன்னு யாரு இருக்கா?” என்று வினிஃப்ரெட் ஒரு மூச்சு அழுதாள். ஹெட்டி மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். அவன் இரண்டு வருடம் காத்துப் பார்த்துவிட்டுக் கனடாவுக்குக் கப்பல் ஏறினான்.

“ரெண்டாவது பக்கமும் கிடைச்சிருந்தா நல்லா இருந்திருக்கும் மிஸ் ஹால்சால்,” என்று வினிஃப்ரெட்டிடம் சொன்னார் பொறுப்பாளர் கிராப்பர். “‘அன்னிக்கு டிராம் நிறுத்தத்துல’ன்னு பாதியில நிக்குது.”

“அம்மா அடுப்புல போட்டுட்டாங்க.”

“அந்தப் பொண்ணு இப்ப உங்க எதிர்ல வந்து நின்னா என்ன பண்ணுவீங்க?”

கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது. ஹெட்டி தரையைப் பார்த்தாள்.

“என்ன பண்றது? உட்கார வச்சு ஒரு கப் டீ குடுப்பேன்,” என்றாள் வினிஃப்ரெட். “அவளும் அப்ப சின்னப் பொண்ணுதானே.”

நாலு பேர் கைக்குட்டையை எடுத்தார்கள். பொறுப்பாளர் மூக்கை உறிஞ்சிவிட்டு, கீழே பன்னும் தேநீரும் இருப்பதாகச் சொல்லி எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனார். பெட்டியருகே இவர்கள் இருவர்தான் மிச்சம்.

இவ்வளவு பெரிய மனசுக்காரியிடம் இத்தனை வருடம் மறைத்தோமே என்று ஹெட்டிக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கு விட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்று பட்டது.

“வின்னி... இதை எப்பவோ சொல்லியிருக்கணும். அந்தப் பொண்ணு வேற யாரும் இல்ல. நான்தான். அவனுக்குப் பதினாறுன்னு எனக்குத் தெரியாது வின்னி. சத்தியமா தெரியாது. என்னை மன்னிச்சிடு.”

அழுகையில் தொப்பி ஒரு பக்கமாகச் சரிந்தது. வினிஃப்ரெட் கைப்பையை முழங்கையில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் தொப்பியை நிமிர்த்தி, இறகை விரலால் நீவி நேராக்கினாள்.

“தெரியும்டி. இல்லாட்டி ஸ்டான்லிய எதுக்கு விரட்டணும்?”