முதல் சாலுரான்

மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பம் ஒரே கட்சி. அதைவிட்டுத் தாவிய என் மகன் ரதீசன், செமோர் தொகுதியில் எதிரணி வேட்பாளராக நின்றான்.

“அப்பா எனக்குப் போடமாட்டாரு, தெரியும். நீங்க போடுவீங்கதானே, அம்மா?”

“போயிட்டு வா, நல்லா இரு,” என்று என் மனைவி சந்திரமதி அவனுக்குத் திருநீறு பூசினாள்.

தொண்ணூறு வாக்கு வித்தியாசத்தில் தோற்றான். மறுநாள் முடிவுத் தாளை எங்கள் முன் வீசினான். எங்கள் தெருவின் முதியவர்கள் வாக்களித்த முதல் சாலுரான் என்ற வாக்களிப்பு அறையில், நூற்று இருபது பேரில் ஒருவர்கூட அவனுக்குப் போடவில்லை.

“பாருங்க! உங்க ஓட்டுகூட இல்லைலா, அம்மா!”

“எப்படி இருக்கும்?” என்றாள் அவள் நிதானமாக. “வீடு வீடா நான்தான் போனேன். இந்தக் கட்சி தாவுற தவளைக்குப் போடாதீங்கனு பெத்தவளே வந்து கையெடுத்துக் கும்பிட்டா, யாரு போடுவா?”