அக்கரைக்குப் போகாத பஞ்சு

இக்கரைக் குஞ்சுகளைத் தின்ற காட்டுப்பூனை ஒன்று ஓடைக்கு அக்கரையில் குடியிருந்தது. அதை வழிக்குக் கொண்டுவர, அக்கரைக்கு இனி எந்தச் சரக்கும் போகக்கூடாது என்று இக்கரைப் பறவைகள் கூடித் தடை போட்டன. காவலுக்குக் கொக்கு நின்றது.

அக்கரையில்தான் தையல்சிட்டும் இருந்தது. இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்து, அதில் குஞ்சு பொரித்திருந்தது. காற்றடித்துத் தையல் விட்டுப்போகவே, பதறிப் பறந்து வந்து இக்கரை இலவமரத்தில் ஒரு வாய்ப் பஞ்சு எடுத்தது.

"வைம்மா கீழே," என்றது கொக்கு. "பஞ்சைத் திரிச்சா நூல். நூலைத் திரிச்சா கயிறு. பூனை அதுல எங்களுக்குச் சுருக்கு வச்சா?"

"நகம் இருக்கிறப்போ அதுக்குக் கயிறு எதுக்கண்ணே? கூடு பிரியுது, பிள்ளைங்க விழுந்துடும்."

"நகம் அதோட சொந்தம், நாங்க என்ன பண்ண முடியும்? பஞ்சு எங்க சரக்காச்சே. இதைத் தொடமாட்டேன்னு பூனைகிட்டயே வாக்கு வாங்கிட்டு வா, விட்டுடறேன்."

"அதுகிட்டப் போனா நான் திரும்புவேனா?"

"அது என் வேலை இல்லம்மா."

சிட்டு பஞ்சைக் கீழே வைத்தது. அலகில் ஒட்டியிருந்த ஓர் இழையையும் கொக்கு பக்குவமாக எடுத்துக்கொண்டது.

திரும்பிப் போனபோது இலைகள் பிரிந்து தொங்கின. மரத்தடியில் பூனை வாயை நக்கிக்கொண்டிருந்தது.

சிட்டு கதறியது ஓடையைத் தாண்டிக் கேட்டது. கொக்கு மற்ற பறவைகளைத் திரும்பிப் பார்த்தது.

"எவ்வளவு கொடிய பூனை, பார்த்தீங்களா? நாம தடை போட்டது சரியாப் போச்சு."

எல்லாம் தலையாட்டின. அன்று முதல் அக்கரைக்குக் காய்ந்த புல்லும் போகக்கூடாது என்றாயிற்று.